நுண்ணோக்கி மேசை: செல்லை எண்ணும் கணினி பற்றிய கேள்விகள்

நுண்ணோக்கிப் படத்தில் இருக்கும் செல்களையும் அவற்றின் உள்ளுறுப்புகளையும் மாதிரிப் படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் டீப் லேர்னிங் மென்பொருள்கள் எப்படிப் பிரித்து வரைகின்றன என்று போன இதழில் எழுதியிருந்தேன். ஆராய்ச்சி மாணவர்கள் மட்டும்தான் எழுதிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் பாதி வீட்டிலிருந்து வந்தவை. ஒரு ஆய்வுக்கூடத்தின் நுண்ணோக்கி அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏ.சி. குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பேன். மாணவர்கள் பென் டிரைவோடு வருவார்கள். அங்கே கேட்கிற மாதிரியே இங்கேயும் கேட்டிருக்கிறீர்கள். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

உட்கருவை ஒளிரவைக்கும் டாப்பி சாயம் போட்ட செல் படங்களில் உட்கருக்களை எண்ண வேண்டும். இமேஜ்ஜே என்ற படமென்பொருளில் த்ரெஷோல்டு போட்டு வாட்டர்ஷெட் கொடுக்கிறேன். ஒட்டியிருக்கும் இரண்டு ஒன்றாகிவிடுகின்றன, இல்லையென்றால் ஒன்றே மூன்றாக உடைகிறது. 'டீப் லேர்னிங் பயன்படுத்து' என்கிறார் எங்கள் கைடு. என் லேப்டாப் பழசு. என்ன செய்வது?
*முதுகலை விலங்கியல் மாணவி, பாளையங்கோட்டை*

மொத்தம் எத்தனை படம் என்று நீங்கள் எழுதவில்லை. இருபது முப்பதுதான் என்றால் மல்டி-பாயிண்ட் கருவியை எடுத்து ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணிவிடுங்கள். ஒரு மதியம் போதும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கில் இருந்தால் மேலே படியுங்கள்.

த்ரெஷோல்டு என்பது ஒரு வெளிச்ச அளவுக்கு மேலே இருப்பதெல்லாம் உட்கரு, கீழே இருப்பதெல்லாம் வெறும் பின்னணி என்று பிரிப்பது. அந்த அளவைத் தானாகக் கண்டுபிடிக்க ஜப்பானின் ஓட்சு 1979-இல் கொடுத்த முறையைத்தான் இன்றைக்கும் பலர் சொடுக்குகிறார்கள். நல்ல முறைதான், ஆனால் அதற்கு வடிவம் தெரியாது. ஒட்டி நிற்கும் இரண்டு உட்கருவும் அதற்கு ஒரே வெள்ளைத் திட்டு. திட்டு எங்கே ஒடுங்குகிறதோ அங்கே வாட்டர்ஷெட் வெட்டும். முழு உட்கருவே ஒரு பக்கம் கொஞ்சம் உள்வாங்கியிருந்தால் அதையும் வெட்டிவிடும்.

உங்களுக்கு ஸ்டார்டிஸ்ட் என்ற டீப் லேர்னிங் மென்பொருள் போதும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் 2018-இல் உருவானது. ஒவ்வொரு பிக்சலிலும் நின்றுகொண்டு, 32 திசைகளிலும் எல்லை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கும். அந்த 32 முனைகளையும் இணைத்தால் ஒரு பல்கோணம். ஒரே உட்கருவுக்குள் இருக்கும் பிக்சல்களெல்லாம் கிட்டத்தட்ட ஒரே பல்கோணத்தைச் சொல்லும். நம்பிக்கை அதிகமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். இமேஜ்ஜேயின் கூடுதல் வசதிகள் சேர்த்த பதிப்பான ஃபிஜியின் அப்டேட் பட்டியலில் சி.எஸ்.பி.டீப், ஸ்டார்டிஸ்ட், டென்சர்ஃப்ளோ மூன்றையும் டிக் செய்தால் வந்துவிடும். ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஃப்ளோரசன்ட் உட்கரு மாடல் (அதாவது படங்களைப் பார்த்துக் கற்றுமுடித்த நெட்வொர்க்) கூடவே இருக்கிறது. ஜி.பி.யு. என்ற கிராஃபிக்ஸ் சிப் இல்லாமலே ஓடும், பெரிய படம் என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. படத்தை மாடலுக்குக் கொடுக்கும் முன் அது வெளிச்சத்தை இழுத்துச் சமப்படுத்தும். வழக்கமான அமைப்பில் மிக இருண்ட 1 சதவீதத்தையும் மிக வெளிச்சமான 0.2 சதவீதத்தையும் ஒதுக்கிவிட்டு, மீதியை 0 முதல் 1 வரை விரிக்கும். செல்லே இல்லாத காலி இடத்தின் படத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? கேமராவின் இரைச்சல்தான் விரியும், மாடல் அதிலும் உட்கருவைக் கண்டுபிடிக்கும். மருந்து கொடுத்துச் செல்லைக் கொல்லும் சோதனை என்றால், செல் வளர்க்கும் தட்டில் டோஸ் அதிகமான குழியில் செல் எண்ணிக்கை ஏறியிருக்கும்! கிராஃபை மட்டும் பார்க்கிறவர் புதுக் கண்டுபிடிப்பு என்று குதிப்பார். அதனால் மாடல் வரைந்த கோடுகளை மூலப் படத்தின் மேல் போட்டு, காலியாகத் தெரியும் படங்களையாவது கண்ணால் பாருங்கள்.

இரத்தப் படம் என்றால் ஸ்டார்டிஸ்ட் சரிப்படாது. நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவின் உட்கரு பல மடலாக வளைந்திருக்கும். உள்ளேயிருந்து நேர்கோடு போட்டால் எல்லையை இரண்டு மூன்று முறை தாண்டும். அதற்கு செல்போஸ் என்ற மென்பொருளை எடுங்கள். அது ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு அம்புக்குறி போடுகிறது, 'உன் செல்லின் நடு அந்தப் பக்கம்' என்று. அம்புகளைத் தொடர்ந்து போனால் ஒரே இடத்தில் வந்து சேரும் பிக்சல்களெல்லாம் ஒரே செல். வடிவம் எப்படி வளைந்தாலும் கவலையில்லை.

வேறு துறைகளில் கோடிக்கணக்கான படங்கள் வேண்டும் என்கிறார்கள். செல் ஆராய்ச்சியில் மட்டும் 30 படங்களிலேயே கணினி கற்றுக்கொண்டது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கணக்கு உதைக்கிறது.
*ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்*

சார், உதைப்பது நியாயம்தான். அந்த 30 படங்களின் கதையைச் சொல்கிறேன்.

2012-இல் ஒரு போட்டி நடந்தது. பழ ஈயின் புழுப் பருவத்தில் அதன் நரம்புத் தண்டை மெல்லிய சீவல்களாக்கி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த 30 படங்கள், ஒவ்வொன்றும் 512-க்கு 512 பிக்சல். எது செல்லின் சவ்வு, எது உள்ளே என்று மனிதர்கள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரிலிருந்து வந்த குழு ஜெயித்தது. அவர்களுடைய நெட்வொர்க் ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியாக எடுத்து, அதைச் சுற்றியுள்ள சதுரத்தைப் பார்த்து, 'இது சவ்வா இல்லையா' என்று முடிவு செய்தது. விடை சரி, ஆனால் வேகம் ஆமை.

2015-இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் ரொன்னெபெர்கர், ஃபிஷர், ப்ரோக்ஸ் மூவரும் யூ-நெட்டைக் கொண்டுவந்தார்கள். வரைபடத்தில் ஆங்கில யூ மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இடது பக்கம் படத்தைச் சுருக்கிச் சுருக்கி 'என்ன' என்பதைப் பிடிக்கும். சுருக்கும்போது 'எங்கே' என்பது தொலைந்துவிடும் இல்லையா, அதனால் ஒவ்வொரு படியிலிருந்தும் ஒரு நகல் நேராக வலது பக்கத்துக்குப் போகிறது. வலது பக்கம் விரித்து விரித்து மறுபடி படமாக்கும்போது இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. 512-க்கு 512 படம் ஒன்றை ஒரு நொடிக்குள் முடித்தது.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஒரு படத்தில் 2,62,144 பிக்சல்கள். முப்பதுக்கும் சேர்த்து 78,64,320. ஒவ்வொன்றுக்கும் விடை குறித்திருக்கிறது. பூனையா நாயா என்று சொல்லும் நெட்வொர்க்குக்கு ஒரு படத்துக்கு ஒரே விடை. இங்கே ஒரு படத்துக்குள் இரண்டரை லட்சம் விடை. 'பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை, அவற்றைத் தனித்தனித் தரவாக எண்ணலாமா?' என்று நீங்கள் கேட்பீர்கள். எண்ணக் கூடாதுதான். ஆனாலும் முப்பதைவிட எவ்வளவோ அதிகம்.

அப்புறம் படத்தையே வளைத்தார்கள். படத்தின் மேல் 3-க்கு 3 கட்டம் போட்டு, அதன் புள்ளிகளைச் சுமார் பத்துப் பிக்சல் அளவில் இஷ்டத்துக்கு நகர்த்தினால் திசு நெளியும். நெளிந்த திசுவும் திசுதான். உயிருள்ள பொருள் அப்படித்தான் வளையும். மோட்டார் சைக்கிள் படத்தில் இதைச் செய்தால் கோரமாகிவிடும், செல்லில் செய்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு படத்திலிருந்து வேண்டிய மட்டும் புதுப் படம். செல் படங்களுக்கு இன்னொன்றும் செய்தார்கள்: ஒட்டி நிற்கும் இரண்டு செல்லுக்கு இடையிலான மெல்லிய இடைவெளியைத் தவறவிட்டால் மாடலுக்குக் கூடுதல் அபராதம்.

இவ்வளவும் செய்தாலும் அந்த மாடலுக்கு ஈயின் நரம்புத் தண்டு மட்டும்தான் தெரியும். எந்தச் செல்லைக் கொடுத்தாலும் வரைய வேண்டும் என்றால் வகைவகையாகக் காட்ட வேண்டும். அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் செல்போஸைப் பழக்கியபோது 70,000-க்கும் மேற்பட்ட வடிவங்களைக் கையால் குறித்தார்கள். அதில் பழங்கள், கற்கள், ஜெல்லிமீன்களின் படங்களும் உண்டு.

வீடியோ கேம் ஆடியவர்கள் செல் ஆராய்ச்சி செய்தார்கள் என்று என் மகன் சொல்கிறான். படிக்காமல் ஆடுவதற்குச் சாக்கா?
*இல்லத்தரசி, நாமக்கல்*

சொல்வது உண்மைதான், சாக்காகவும் இருக்கலாம். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டுக்குள் 2016-இல் ஒரு சிறு ஆட்டத்தைப் புகுத்தினார்கள். ஸ்வீடனின் மனிதப் புரத அட்லஸ் திட்டத்தில் எடுத்த படங்கள் அதில் வரும். புரதம் செல்லின் எந்த இடத்தில் ஒளிர்கிறது, உட்கருவிலா, சவ்விலா, மைட்டோகாண்ட்ரியாவிலா என்று ஆடுகிறவர் சொல்ல வேண்டும். சொன்னால் விளையாட்டுக் காசு. ஓராண்டில் 3,22,006 பேர் சேர்ந்து கிட்டத்தட்ட 3.3 கோடி விடைகள் கொடுத்தார்கள். அதை டீப் லேர்னிங் மாடலோடு சேர்த்து 2018-இல் ஆய்வுக்கட்டுரையும் வந்தது. செல்லுக்குள் தண்டும் வளையமுமாகத் தெரியும் ஒரு அபூர்வ அமைப்பில் சேரும் புதுப் புரதங்கள் அதில் பிடிபட்டன. உங்கள் மகன் எந்த கேம் ஆடுகிறான் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

யூ-நெட் மாடல் ஒன்றைப் பயிற்சி செய்தேன். சோதனைப் படங்களில் மதிப்பெண் 0.94. அடுத்த மாதம் எடுத்த ஸ்லைடுகளில் 0.6-க்கு இறங்கிவிட்டது. கோடிங்கில் பிழை இல்லை, பல தடவை சரிபார்த்துவிட்டேன்.
*பிஎச்.டி. மாணவர், கோவை*

கோடிங்கை விடுங்கள் தம்பி. படங்களை எப்படிப் பிரித்தீர்கள் என்று சொல்லுங்கள். பெரிய படத்தை 256-க்கு 256 துண்டுகளாக நறுக்கி, எல்லாவற்றையும் கலக்கி, அதில் ஐந்தில் ஒன்றைச் சோதனைக்கு ஒதுக்கியிருப்பீர்கள். என்னிடம் இந்தப் புகாரோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்திருப்பது அதுதான். பாதிச் செல் பயிற்சித் துண்டில், மீதிப் பாதி சோதனைத் துண்டில். அதே ஸ்லைடு, அதே சாயம், அதே நாள், அதே லேசர் பவர். வினாத்தாள் முன்கூட்டியே வெளியான பரீட்சை அது. அப்படித்தான் பிரித்தீர்கள் என்றால் அந்த 0.94-ஐ நம்ப முடியாது.

பிரிப்பதை நறுக்குவதற்கு முன்பே செய்யுங்கள். எலி என்றால் எலி வாரியாக, செல் வளர்ப்பு என்றால் வளர்த்த நாள் வாரியாக. ஒரு நாளின் படங்கள் முழுதும் பயிற்சியில் இருக்கட்டும், அல்லது முழுதும் சோதனையில் இருக்கட்டும். ஒரே நாளின் படங்கள்தான் கையில் இருக்கின்றன என்றால், அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதிவிடுவது நல்லது.

இறங்கியதற்கு வேறு காரணமும் இருக்கலாம். சாயப் பாட்டில் மாறியிருக்கும், இன்னொருவர் எக்ஸ்போஷரை ஏற்றியிருப்பார், அப்ஜெக்டிவ் (பொருளைப் பெரிதாக்கும் லென்ஸ்) 20 மடங்கிலிருந்து 40-க்குப் போயிருக்கும். கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கிறது. மாடலுக்கு மைக்ரோமீட்டர் தெரியாது, பிக்சல்தான் தெரியும். 30 பிக்சல் அகலச் செல்லைப் பார்த்துப் பழகியதற்கு 60 பிக்சல் செல் வேறு ஜந்து. பயிற்சியின்போது இருந்த பிக்சல் அளவுக்கு முதலில் படத்தை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் புதுப் படங்களில் சிலவற்றை மாடலிடமே கொடுத்து வரையச் சொல்லி, தப்பான கோடுகளை மட்டும் கையால் திருத்தி, மறுபடி பயிற்சி கொடுங்கள். செல்போஸின் இரண்டாம் பதிப்பு 2022-இல் இதற்காகவே வந்தது. இப்படித் திருத்தித் திருத்திப் போனால் 100 முதல் 200 செல்களைக் குறித்தாலே போதும் என்று அவர்கள் காட்டினார்கள்.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் பயன்படுத்துவது ஐ.ஓ.யு. என்று நினைக்கிறேன், அதாவது இரண்டு வடிவமும் பொதுவாக மூடும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் பரப்பால் வகுப்பது. 20 பிக்சல் விட்டமுள்ள வட்டமான உட்கருவை மாடல் சுற்றிலும் ஒரே ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வரைகிறது என்று வையுங்கள். விட்டம் 18 ஆகும். 324-ஐ 400-ஆல் வகுத்தால் 0.81. அதே ஒரு பிக்சல் பிழை 10 பிக்சல் விட்டமுள்ள சிறு உறுப்பில் வந்தால் 64-ஐ 100-ஆல் வகுத்து 0.64. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நீங்களும் உங்கள் நண்பரும் தனித்தனியாக ஒரே உட்கருவை வரைந்தாலே ஒரு பிக்சல் மாறும். ஆகையால் இரண்டு பேர் வரைந்து, உங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். மாடலை அதோடு ஒப்பிடுங்கள்.

மருந்து கொடுத்த பிறகு மைட்டோகாண்ட்ரியாக்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டதாக மென்பொருள் சொல்கிறது. நீளமாக இருந்தவை துண்டுதுண்டாகிவிட்டன என்று எழுதலாமா? மைட்டோகாண்ட்ரியாவை ஒளிரவைக்கும் மைட்டோட்ராக்கர் சாயம், கான்ஃபோகலில் (ஒரு நேரத்தில் ஒரு மெல்லிய தளத்தை மட்டும் காட்டும் நுண்ணோக்கி) ஒரே தளத்தில் எடுத்த படங்கள்.
*மருத்துவக் கல்லூரி உதவிப் பேராசிரியர், மதுரை*

இன்னும் எழுத வேண்டாம் டாக்டர்.

இடியாப்பத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை மட்டும் பாருங்கள். நீளமான இழை ஒன்று கூடக் கண்ணில் படாது, புள்ளிகள்தான் தெரியும். கான்ஃபோகலில் ஒரே தளம் எடுத்தால் அதுதான் கிடைக்கிறது. மைட்டோகாண்ட்ரியா இழை மேலேயும் கீழேயும் வளைந்து போகும். தளத்துக்குள் வரும் பகுதி மட்டும் படத்தில் விழும். மருந்து பட்டுச் செல் கொஞ்சம் உருண்டு உயர்ந்துவிட்டால் போதும், இழைகள் உடையாமலே துண்டுகள் கூடிவிடும்.

இரண்டாவது சந்தேகம் சாயத்தின் மேல். சிவப்பு மைட்டோட்ராக்கர் வகைகள் உள்சவ்வின் மின்னழுத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே சேர்கின்றன. உங்கள் மருந்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால் இழை அங்கங்கே மங்கும். மங்கிய இடத்தில் மாடல் கோட்டை நிறுத்திவிடும், ஒரு இழை நாலு பாசிமணியாகிவிடும். உடைந்தது இழையா, வெளிச்சமா என்று படத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. டாம்20 மாதிரி வெளிச்சவ்வுப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் போட்டு இன்னொரு தட்டை எடுத்துப் பாருங்கள். அது மின்னழுத்தத்தைச் சார்ந்ததல்ல.

மூன்றாவது ஒளியின் எல்லை. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பக்கவாட்டில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே இரண்டு பொருளைப் பிரித்துக் காட்ட முடியாது. உயரவாட்டில் அதைவிட மோசம். இரண்டு மைட்டோகாண்ட்ரியாக்களின் நுனிகள் 100 நானோமீட்டர் இடைவெளியில் இருந்தால் படத்தில் அது ஒரே இழை. எவ்வளவு பெரிய நெட்வொர்க்கைப் போட்டாலும் படத்தில் இல்லாததை அது அளக்கப் போவதில்லை, ஊகிக்கத்தான் போகிறது.

அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இசட்-ஸ்டாக் (மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்கான படங்கள்) எடுத்து, ஒரு செல்லுக்கு மொத்த இழை நீளம், கிளைகள், மொத்தப் பருமன் இவற்றை அளக்கச் சொல்கிறேன். பருமன் மாறாமல் கிளைகள் மட்டும் குறைந்திருந்தால் துண்டாதல் என்று சொல்ல ஒரு முகாந்திரம் இருக்கும். எது மருந்து கொடுத்தது, எது கொடுக்காதது என்று தெரியாத ஒருவரிடம் பத்துச் செல்களைக் கொடுத்துக் கையால் வரையச் சொல்லி, மாடலோடு ஒப்பிடுங்கள்.

உண்மையில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தால் ஓப்பன்ஆர்கனெல் என்ற தளத்துக்குப் போய்ப் பாருங்கள், இலவசம். ஜனேலியாவில் எடுத்தவை. ஒரு முழுச் செல்லை அயனிக் கற்றையால் சில நானோமீட்டர் சீவுவது, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுப்பது, மறுபடி சீவுவது. ஒரு பிக்சல் நாலைந்து நானோமீட்டர்தான். அதில் 35 வகை வரையிலான உள்ளுறுப்புகளை நெட்வொர்க்குகள் பிரித்து வரைந்த வேலை 2021-இல் நேச்சர் ஆய்விதழில் வந்தது. மைட்டோகாண்ட்ரியாவை எண்டோபிளாஸ்மிக் வலை உரசிக்கொண்டு போகும் இடங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

சாயமே போடாமல், சாதாரணப் படத்தைக் கொடுத்தால் சாயம் போட்ட மாதிரி கணினி வரைந்து தருமாமே? மங்கலான படத்தையும் பளிச்சென்று ஆக்குமாம். எங்கள் கம்பெனியில் வாங்கலாமா என்று பேச்சு.
*உயிர்த்தொழில்நுட்பத் துறை ஊழியர், ஓசூர்*

இரண்டும் நடக்கிறது. சாயமில்லாத படத்திலிருந்து சாயப் படத்தைக் கணிப்பது பற்றி 2018-இல் இரண்டு குழுக்கள் எழுதின: கூகுளும் கிளாட்ஸ்டோன் நிறுவனமும் சேர்ந்து ஒன்று, சியாட்டிலின் ஆலன் செல் அறிவியல் நிறுவனம் இன்னொன்று. உட்கரு, உட்கருமணி, மைட்டோகாண்ட்ரியா மாதிரி ஒளியைக் கொஞ்சமாவது வளைக்கிற உறுப்புகளில் நன்றாக வந்தது. கோல்ஜி, டெஸ்மோசோம் (செல்களை ஒட்டிவைக்கும் இணைப்பு) போன்றவற்றில் தடுமாறியது. மூலப் படத்தில் தடயம் இருந்தால்தானே கணிக்க முடியும்.

மங்கல் படத்துக்கு டிரெஸ்டன் குழுவின் கேர் என்ற முறை, அதுவும் 2018. எனக்குப் பிடித்தது அவர்கள் சோதித்த பிளனேரியா என்ற தட்டைப்புழு. வெளிச்சம் பட்டாலே அது துடித்துச் சுருங்கும், படம் கலங்கிவிடும். அதனால் ஒளியை மிகக் குறைத்து எடுத்து, நெட்வொர்க்கை வைத்துத் தெளிவாக்கினார்கள். 60-இல் ஒரு பங்கு ஒளியிலும் பயனுள்ள படம் கிடைத்தது. உயிரோடு இருக்கும் செல்லை மணிக்கணக்கில் படமெடுப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஒளியே செல்லைக் கொல்லும்.

ஆனால் என் அறையில் ஒரு சட்டம் உண்டு. தெளிவாக்கிய படத்தை வைத்து உட்கரு எங்கே என்று கோடு போடலாம், செல் எங்கே நகர்கிறது என்று தொடரலாம். வெளிச்ச அளவை மட்டும் அந்தப் படத்திலிருந்து எடுக்கக் கூடாது. கோட்டை மூலப் படத்துக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தை அங்கே அளக்க வேண்டும். காரணம் எளிது: ஆரோக்கியமான செல்களைப் பார்த்தே பழகிய நெட்வொர்க் நோயுள்ள செல்லின் மங்கலான படத்தைப் பார்த்தாலும் ஆரோக்கியமாக வரைந்து வைக்கும், அதுவும் அழகாக. நீங்கள் தேடுவதே நோய் என்றால் அந்த அழகால் என்ன லாபம்?

வாங்கும் முன் விற்பவரிடம் உங்கள் சொந்த ஸ்லைடுகளைக் கொடுத்து, அதே இடத்துக்கு உண்மையான சாயப் படத்தையும் வைத்துக்கொண்டு ஒப்பிடச் சொல்லுங்கள். அவர் கொண்டுவரும் ஸ்லைடில் எல்லாமே நன்றாகத்தான் வரும்.

லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். இன்னும் ஐந்து வருடத்தில் இந்த வேலை இருக்குமா?
*சேலம்*

ஐந்து வருடக் கணக்கு சொல்ல நான் ஜோசியர் இல்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வளர்ந்த பழ ஈயின் முழு மூளையையும் நெட்வொர்க்குகள் பிரித்து வரைந்து, 1,39,255 நரம்பு செல்களோடு 2024-இல் வெளியிட்டார்கள். ஒரு ஈயின் மூளைதான். நெட்வொர்க் வரைந்து முடித்த பிறகு அதன் தப்புகளைத் திருத்த மனிதர்கள் உழைத்த நேரம், ஒரே ஆள் செய்வதாக வைத்துக்கொண்டால் சுமார் 33 ஆண்டுகள். ஸ்லைடைப் பார்த்தவுடன் இது சாயக் கறை, இது காற்றுக்குமிழி என்று சொல்லத் தெரிந்தவர்களைத்தான் இப்போது படம் குறிக்கத் தேடுகிறார்கள். குறிக்கும் மென்பொருள் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். திசு ஸ்லைடு என்றால் க்யூபாத். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, காசு கிடையாது.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நம் பக்கம் ஒன்றும் இல்லையா?
*கல்லூரி மாணவர், திருவாரூர்*

இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம் 2024 டிசம்பரில் தரணி என்ற தொகுப்பை வெளியிட்டது. மனிதக் கருவின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, செல் அளவுக்குத் தெரியும்படி எடுத்த படங்கள். மொத்தம் 5,132 சீவல்கள், யாரும் இணையத்தில் பார்க்கலாம். பெரிதாக்கிக்கொண்டே போனால் தனித்தனி செல் வரை இறங்கலாம். மாலையில் உட்காருங்கள், நெட் வேகம் நன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்து.

பள்ளி மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலை வைத்து, ஐபீஸில் போனை வைத்துப் படம் எடுத்தேன். அதில் செல்களை எண்ணச் செய்ய முடியுமா? ஒரு தடவை முயன்றேன், ஒன்றுமே வரவில்லை.
*பத்தாம் வகுப்பு, ராசிபுரம்*

முடியும்மா. படத்தை எப்படிக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாய்? வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருந்தால் அது சுருக்கிவிட்டிருக்கும். ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. வெங்காயத்தின் செல் சுவர் மெல்லிய கோடு, அது அந்தக் கட்டங்களில் கரைந்துபோகும். டாக்குமென்ட்டாக அனுப்பு, அல்லது கேபிளில் எடு.

அப்புறம் நடுவில் வெளிச்சமாகவும் ஓரத்தில் இருட்டாகவும் வட்டமாக இருக்கும் இல்லையா, நடுப்பகுதியை மட்டும் சதுரமாக வெட்டிக்கொள். செல்போஸின் இணையதளத்தில் படத்தை ஏற்றிப் பார்க்கலாம், எதுவும் நிறுவ வேண்டாம். அங்கே செல்லின் அளவு கேட்டால் வெங்காயச் செல்லின் நீளத்துக்கும் அகலத்துக்கும் இடைப்பட்ட ஒன்றைப் பிக்சலில் கொடு. நீளமான செல்லை இரண்டாக வெட்டினால் அந்த அளவைக் கூட்டு. இரண்டு செல்லைச் சேர்த்தால் அளவைக் குறை. ஒரு சொட்டு அயோடின் விட்டுப் படமெடுத்தால் இன்னும் நன்றாக வரும், உட்கருவும் தெரியும். வந்த படத்தை எனக்கும் அனுப்பு. டாக்குமென்ட்டாக.